தேர்தல் செலவுக்கு அரசுப் பணம்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

"தேர்தல் செலவை அரசே ஏற்றுக்கொண்டால் பண அரசியல் ஒழிந்துவிடும்." ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இந்தப் பேச்சு எழுகிறது. இதில் பாதிதான் உண்மை. ஏற்கெனவே கணக்கில்லாமல் ஓடும் பணத்தைத் தடுக்காமல் அரசும் பணம் கொடுத்தால், கட்சிகளுக்கு வருமானம் ஒன்று கூடும், வேறெதுவும் மாறாது. முதலில் கணக்கு, அடுத்து செலவு வரம்பு, அதன் பிறகே அரசுப் பணம் என்ற வரிசையில் கேட்டால்தான் பலன் உண்டு. இந்தியத் தேர்தல்களுக்கு அந்த வரிசையில் கோரிக்கையை எப்படிக் கட்டுவது, ஆதாரத்தை எங்கே எடுப்பது, யாரிடம் கொடுப்பது என்பதைப் பார்ப்போம்.

இப்போதே அரசு கொடுப்பது என்ன?

அரசு நிதி என்பது புதிய யோசனை அல்ல. மறைமுகமாக அது பல வழிகளில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கணக்கு வைத்து, தணிக்கை செய்து, உரிய காலத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கட்சிக்கு வருமான வரி கிடையாது. கட்சிக்கு ரொக்கமாக இல்லாமல் நன்கொடை கொடுப்பவர், அந்தத் தொகை முழுவதையும் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இரண்டுமே கஜானாவுக்கு வராமல் போகும் பணம், அதாவது பொதுப் பணம்.

இந்தச் சலுகைக்குப் போதிய நிபந்தனை இல்லாததால்தான் 'லெட்டர்பேட் கட்சிகள்' பெருகின. காசோலையில் நன்கொடை வாங்கிக் கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தரும் வேலை இவற்றில் சிலவற்றின் வழியே நடப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2022 செப்டம்பரில் வருமான வரித் துறை பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. 2019 முதல் ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூட நிற்காத 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. நிபந்தனை இல்லாத அரசுச் சலுகை எங்கே போய் முடியும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

பொருளாகக் கொடுக்கும் உதவியும் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 78ஏ பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்கு வாக்காளர் பட்டியலை இலவசமாகத் தரச் சொல்கிறது. அடுத்த பிரிவான 78பி-யைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மத்திய அரசு ஆணையிட்டால் வேறு பொருள்களையும் தேர்தல் ஆணையம் வழியாக அந்தக் கட்சிகளின் வேட்பாளர்களுக்கு வழங்கலாம் என்கிறது அது. 2003-ல் சேர்க்கப்பட்ட பிரிவு. பொருளாக உதவி கேட்பவர்கள் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; இந்தப் பிரிவைச் சுட்டியே கேட்கலாம்.

குழுக்கள் சொன்னதை ஒரு பக்கத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள்

எம்.பி.யிடமோ அதிகாரியிடமோ போனால் வரும் முதல் பதில், "இதைப் பற்றிப் பல கமிட்டி போட்டாச்சு" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கமிட்டிகள் என்ன சொன்னன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சு அத்தோடு நிற்காது.

தினேஷ் கோஸ்வாமி குழு 1990-ல் பொருள் வடிவ உதவியைப் பரிந்துரைத்தது. இந்திரஜித் குப்தா குழு (1998) இன்னும் விரிவாகப் போனது. வாக்காளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் என்ற கணக்கில் மத்திய அரசு 600 கோடி ரூபாய் தர வேண்டும், மாநிலங்கள் சேர்ந்து அதே அளவு தர வேண்டும், உதவி பணமாக இல்லாமல் எரிபொருள், அச்சுக் காகிதம், ஒலிபெருக்கி, தொலைபேசி போன்றவையாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே என்று வரம்பு போட்டதால் சுயேச்சைகளும் புதுக் கட்சிகளும் வெளியே நின்றுவிட்டார்கள். சட்ட ஆணையத்தின் 170-வது அறிக்கை (1999), வேறு எந்த வழியிலும் பணம் வாங்கத் தடை போட்டால்தான் முழு அரசு நிதி பொருந்தும், அதற்கு முன் கட்சிகளின் கணக்கும் உட்கட்சி ஜனநாயகமும் சட்டத்துக்குள் வர வேண்டும் என்றது. 2015-ல் வந்த 255-வது அறிக்கை, நாட்டின் நிதி நிலையில் முழு அரசு நிதி நடைமுறைக்கு ஒவ்வாது, பொருள் வடிவ உதவி தொடரலாம் என்று முடித்தது.

நான்கையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. பணமாகக் கொடுக்க இந்த நான்கில் எதுவும் அவசரப்படவில்லை. உங்கள் மனு ரொக்கத்தில் ஆரம்பித்தால், முதல் பக்கத்திலேயே இந்த அறிக்கைகளைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆகும் செலவுக்கு வேட்பாளர் கணக்கு வைக்க வேண்டும். 2022 ஜனவரியில் நிர்ணயித்த உச்சவரம்பு, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம். ஆனால் இது வேட்பாளருக்கு மட்டும்தான். கட்சி செலவழிப்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பே கிடையாது.

1974-ல் உச்ச நீதிமன்றம் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செயலற்றதாக்கினார்கள். 2003-ல் அந்தத் திருத்தம் கொஞ்சம் சுருக்கப்பட்டது. இன்றைய நிலையில் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், வேட்பாளர் பெயரைச் சொல்லாத பொதுவான கட்சிப் பிரசாரமும் வேட்பாளர் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களையும், அங்கீகாரம் இல்லாத பதிவு பெற்ற கட்சி 20 பேரையும் அறிவிக்கலாம். எந்தச் செலவு சேரும், எது சேராது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நட்சத்திரப் பேச்சாளரான தலைவரோடு வேட்பாளர் மேடையில் நின்றாலோ, வேட்பாளரின் பெயரோ படமோ அங்கே இருந்தாலோ, அந்தக் கூட்டத்தின் செலவில் வேட்பாளரின் பங்கு அவர் கணக்கில் ஏற வேண்டும். தலைவரின் பயணச் செலவு மட்டும் ஏறாது.

234 தொகுதிகளிலும் ஒரு கட்சி போட்டியிட்டால் வேட்பாளர்களின் மொத்த வரம்பு 93 கோடியே 60 லட்சம் ரூபாய். அதே கட்சி தன் பெயரில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றால் அந்த வரம்பு எதைக் கட்டுப்படுத்தும்? அரசுப் பணம் கேட்பதற்கு முன் கட்சிக்குச் செலவு வரம்பு கேட்க வேண்டும் என்பது இதனால்தான். இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதையாகிவிடும்.

வருமானப் பக்கமும் இப்படித்தான். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயரைத்தான் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். 2,000 ரூபாய் வரை ரொக்கமாகவே வாங்கலாம். பெரிய தொகையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து எழுதினால் கண்டுபிடிக்க வழியில்லை. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரி 15-ல் ரத்தானபோது, நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற பழைய வரம்பும் மீண்டும் உயிர்பெற்றது. அது நல்ல மாற்றம். ஆனால் ரொக்கப் பாதை அப்படியேதான் இருக்கிறது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் பட்டுவாடாவை அரசு நிதி நேரடியாக ஒழிக்காது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி ஆகியவற்றில் பண விநியோகம் காரணமாகவே தேர்தல் நிறுத்தப்பட்டது. அந்தப் பணம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத பணம். அரசு நிதி வந்தால் பட்டுவாடா நின்றுவிடும் என்று மனுவில் எழுதாதீர்கள். நேர்மையான வேட்பாளர் கடன் வாங்காமல் போட்டியிட முடியும், கட்சி பெருநிறுவனங்களை நம்பியிருப்பது குறையும் என்று எழுதுங்கள். இவை இரண்டையும் வாதிட்டு நிலைநிறுத்த முடியும்.

தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

"எவ்வளவு ஆகும்?" என்ற கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் ஏறக்குறைய 64 கோடிப் பேர் வாக்களித்தார்கள். ஒரு வாக்குக்கு 50 ரூபாய் என்றால் 3,200 கோடி. ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 640 கோடி. 2018 முதல் 2024 வரை தேர்தல் பத்திரங்கள் வழியாகவே 16,518 கோடி ரூபாய் போயிருக்கிறது. கஜானா தாங்காது என்ற வாதத்துக்கு இந்த ஒப்பீடு நல்ல பதில்.

ஆனால் தொகையைவிட விநியோக முறையில்தான் சிக்கல் அதிகம். மக்களவைத் தொகுதி ஒன்றில் 4 லட்சம் வாக்கு வாங்கியவருக்கு 50 ரூபாய் வீதம் 2 கோடி வரும். அவருடைய செலவு வரம்போ 95 லட்சம். ஆகவே வாக்குக் கணக்கில் வரும் பணம் வேட்பாளருக்குப் போகக் கூடாது. கட்சிக்கு, அதுவும் தணிக்கைக்கு உட்பட்ட தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். இன்னொரு சிக்கல், வாக்கு எண்ணிய பிறகு கொடுத்தால் முன்பே பணம் வைத்திருந்தவருக்குத்தான் அது உதவும். முந்தைய தேர்தல் வாக்கை வைத்து முன்னதாகக் கொடுத்தால் புதிதாக வருபவருக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டையும் கலக்க வேண்டும்: பழைய வாக்குக்கு ஒரு பகுதி, மக்கள் தரும் சிறு நன்கொடைக்கு ஈடாக அரசு சேர்த்துத் தரும் இணைத்தொகையாக ஒரு பகுதி.

மற்ற நாடுகளில் நடந்ததிலிருந்து இதற்கு நேரடியான பாடங்கள் கிடைக்கின்றன. ஜெர்மனியில் ஒரு கட்சிக்கு அரசு தரும் தொகை, அந்தக் கட்சி தானே திரட்டிய வருமானத்தை மிஞ்சக் கூடாது. உறுப்பினரிடம் போகாமல் அரசை மட்டும் நம்பி வாழும் கட்சி உருவாவதை இது தடுக்கிறது. நியூயார்க் நகர மேயர் தேர்தலில் நகரவாசி கொடுக்கும் முதல் 250 டாலருக்கு எட்டு மடங்கு வரை நகராட்சி சேர்த்துத் தருகிறது. சியாட்டில் நகரத்தில் வாக்காளருக்குத் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு கூப்பன்கள் கிடைக்கும்; பிடித்த வேட்பாளருக்குக் கொடுக்கலாம். அமெரிக்க அதிபர் தேர்தலில் 1976-லிருந்து அரசு நிதி உண்டு. ஆனால் வாங்குவது கட்டாயம் இல்லை, வாங்கினால் செலவு வரம்பும் வரும். 2008-ல் ஒபாமா பொதுத் தேர்தல் நிதி வேண்டாம் என்றார். தனியார் பணத்துக்கு வரம்பு இல்லாதவரை வசதியுள்ளவர் அரசுப் பணத்தை ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார் என்பதற்கு அது நிரந்தர எடுத்துக்காட்டு.

இணைத்தொகை முறை கேட்பதானால் பினாமி நன்கொடைக்கும் சேர்த்து விடை சொல்லுங்கள். நன்கொடையாளரின் வாக்காளர் அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு தேர்தலில் சிறு உச்சவரம்பு வேண்டும். குலுக்கல் முறையில் தேர்ந்த நன்கொடையாளர்களை நேரில் சரிபார்க்க வேண்டும். மோசடி என்று தெரிந்தால் வாங்கிய தொகையை இருமடங்காகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

உங்கள் தொகுதியில் ஆதாரம் திரட்டுதல்

எந்தச் சீர்திருத்த மனுவும் ஆதாரத்தோடு போனால்தான் மதிப்பு. வேட்பாளர் செலவுக் கணக்கு ரகசிய ஆவணம் அல்ல. தேர்தல் நடத்துதல் விதிகள் 1961-ன் 88-வது விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தும் எவரும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம். ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிச் சான்றளித்த நகலும் வாங்கலாம். அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஐந்தாறு பேர் கொண்ட குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இல்லாதவர்களாக இருப்பது அவசியம். ஒருவராவது கணக்கு எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும். மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது ஆட்சியர், பந்தல், நாற்காலி, மைக் செட், வாகன வாடகை, சாப்பாடு, கொடி, பட்டாசு என்று ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் நிர்ணயிப்பார். கட்சிகளைக் கலந்துதான் அதை முடிவு செய்கிறார்கள். முதல் வேலை அந்தப் பட்டியலின் நகலை வாங்குவது. பிறகு நீங்கள் போடும் எந்த மதிப்பீடும் அந்த விலையிலேயே இருக்க வேண்டும். சந்தை விலையில் போட்டால், முறையாகப் பதிவு செய்த கூட்டம்கூடக் கணக்கில் நிற்காது.

பிரசாரக் காலத்தில் பெரிய கூட்டங்களுக்குப் போய் எண்ணுங்கள். நாள், நேரம், இடம், நாற்காலி வரிசை எத்தனை, ஒரு வரிசையில் எத்தனை நாற்காலி, மேடையின் நீள அகலம், எல்.இ.டி. திரை எத்தனை, வாகனப் பதிவெண், மேடையில் வேட்பாளர் இருந்தாரா, பதாகையில் அவர் படம் இருந்ததா என்று எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் அந்தச் செலவு அவர் கணக்கில் சேருமா என்பதைத் தீர்மானிக்கும். கூட்டத்தில் எத்தனை பேர் என்று ஊகிக்காதீர்கள். எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுங்கள். பிரசார வாகனத்தின் முன் கண்ணாடியில் அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி இல்லாமல் ஓடும் வாகனம் கணக்கிலும் இருக்காது என்று எதிர்பார்க்கலாம்.

அச்சடித்த பொருளில் நல்ல தடயம் ஒன்று கிடைக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி ஒவ்வொரு நோட்டீசிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அச்சகத்தார் எத்தனை பிரதி, எவ்வளவு கட்டணம் என்ற விவரத்தோடு பிரதிகளை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். சுவரொட்டியின் அடிவரியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு அந்த அச்சகத்தின் அறிவிப்பையும் வேட்பாளர் கணக்கையும் ஒப்பிடலாம்.

பணம், மது, டோக்கன் விநியோகம் கண்ணில் பட்டால் தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலைப் பயன்படுத்துங்கள். படமோ காணொளியோ செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். பழைய படத்தை ஏற்ற முடியாது. எடுத்ததும் சில நிமிடங்களுக்குள் அனுப்பிவிட வேண்டும். புகார் மீது 100 நிமிடத்துக்குள் முடிவு என்பது இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். விநியோகம் நடக்கும் இடத்தில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, பறக்கும் படை வருவதற்குள் எல்லாம் கலைந்துவிடும். வாங்குவதும் குற்றம்தான் என்பதால், அக்கம்பக்கத்தில் வாங்கியவர்களைச் சாட்சியாக இழுக்க நினைத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முடிவு அறிவித்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கெடுவும் அங்கிருந்துதான் ஓடும். வேட்பாளர் 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கலானதிலிருந்து இரண்டு நாளுக்குள் அறிவிப்புப் பலகையில் நாள், இடம், நேரம் ஒட்ட வேண்டும். ஊழல் நடைமுறை என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட 45 நாள்தான். கடைசி நாளில் கணக்குத் தாக்கலானால் உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு வாரம். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், 25-வது நாளிலிருந்தே அலுவலகத்தில் விசாரிக்கத் தொடங்குங்கள்.

பார்வையிட எழுதும் கடிதம் இவ்வளவு போதும்:

"அனுப்புநர்: (பெயர், முகவரி). பெறுநர்: மாவட்டத் தேர்தல் அலுவலர் மற்றும் மாவட்ட ஆட்சியர் அவர்கள். பொருள்: (தொகுதி) வேட்பாளர்களின் தேர்தல் செலவுக் கணக்கைப் பார்வையிடுதல், நகல் பெறுதல். ஐயா/அம்மா, தேர்தல் நடத்துதல் விதிகள் 1961, விதி 88-ன்படி மேற்கண்ட தொகுதியில் போட்டியிட்ட வேட்பாளர்கள் (பெயர்கள்) தாக்கல் செய்த செலவுக் கணக்குகளைப் பார்வையிடவும் சான்றளித்த நகல் பெறவும் விரும்புகிறேன். உரிய கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன். பார்வையிடும் நாளையும் நேரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள்" என்று சொன்னால், விதி 88 தனி உரிமை என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், ஆர்.டி.ஐ. பதிலுக்கு 30 நாள் ஆகும், உங்கள் 45 நாள் அதற்குள் கரைந்துவிடும். 2024 டிசம்பரில் 93-வது விதி திருத்தப்பட்டுச் சில தேர்தல் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்ப்பது குறுக்கப்பட்டது. அதைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. நீங்கள் கேட்பது 88-வது விதியின் கீழ் என்பதால்தான் கடிதத்தில் விதி எண்ணைத் தவறாமல் எழுதச் சொல்கிறோம்.

கணக்குக் கையில் வந்ததும் மூன்று பதிவேடுகளைத் தேடுங்கள்: அன்றாடச் செலவு, ரொக்கம், வங்கி. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேட்புமனுவுக்கு முந்தைய நாளுக்குள் திறந்திருக்க வேண்டும். ஒருவருக்கு அல்லது ஒரு நிறுவனத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. பெரிய கூட்டம் நடந்த நாளில் அன்றாடப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். விட்டுப்போனது பெரும்பாலும் அங்கேதான் தெரியும். வேட்பாளரின் செலவை அதிகாரிகள் தனியே குறித்துவைக்கும், செலவினப் பார்வையாளரின் நிழல் கண்காணிப்புப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். அதிகாரிகளே எழுதிய தொகைக்கும் வேட்பாளர் எழுதிய தொகைக்கும் வேறுபாடு இருந்தால், உங்கள் படங்களைவிட அதற்கே கனம் அதிகம்.

ஒரே கட்சியின் கணக்கை மட்டும் எடுத்து வெளியிட்டால் உங்கள் வேலை அன்றோடு முடிந்தது. முதல் மூன்று, நான்கு இடம் பிடித்த எல்லாரையும் ஒரே அளவுகோலில் எடுங்கள். "திருடினார்", "மறைத்தார்" என்று எழுதாமல், "இந்தத் தேதிக் கூட்டம் கணக்கில் இல்லை, நிர்ணயித்த விலைப்படி அதன் மதிப்பு இவ்வளவு" என்று எழுதுங்கள். அவதூறு வழக்கிலிருந்தும் இந்த நடைதான் காப்பாற்றும்.

ஆதாரத்தை எங்கே கொண்டுபோவது?

விட்டுப்போன செலவுகளைப் பட்டியலிட்டு மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். நகலைத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். மாவட்ட அறிக்கை டெல்லிக்குப் போகும் முன்பே சேர்ந்துவிட வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, உரிய முறையில் கணக்குக் கொடுக்காதவரை ஆணையம் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யலாம். கணக்கு தாக்கலானதா என்பது மட்டுமல்ல, உண்மையானதா என்றும் ஆணையம் விசாரிக்கலாம் என்பது அசோக் சவான் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் கொடுத்துப் போடவைத்த செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரை 2011-ல் ஆணையம் தகுதிநீக்கம் செய்திருக்கிறது. இந்த வழிக்கு 45 நாள் கெடு இல்லை.

உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு என்றால் அந்தத் தொகுதியின் வாக்காளரோ வேட்பாளரோதான் போட முடியும். பிணைத்தொகை 2,000 ரூபாய் கட்ட வேண்டும். யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்ற விவரம் இல்லாத மனுக்கள் விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியாகும். நாற்காலி எண்ணிய நோட்டுப் புத்தகம் பயன்படுவது இங்கேதான்.

கட்சிகளின் கணக்கைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள்ளும், மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாளுக்குள்ளும் கட்சி தன் தேர்தல் செலவு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். உங்கள் தொகுதி வேட்பாளருக்குத் தந்ததாகக் கட்சி எழுதிய தொகையும், வாங்கியதாக வேட்பாளர் எழுதிய தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது ஒரு மாலை நேர வேலைதான். ஒத்துப்போகாவிட்டால் அதைவிட நேரடியான ஆதாரம் வேறு இல்லை.

கோரிக்கையை எழுதும் முறை

நீளமான மனு படிக்கப்படுவதில்லை. மூன்று பக்கம் போதும். முதல் பக்கத்தில் உங்கள் தொகுதியில் கண்டது, இரண்டாவதில் கேட்பது, மூன்றாவதில் அதற்கான சட்டப் பிரிவு.

கேட்பவற்றை இந்த வரிசையில் வையுங்கள். கட்சிக்கும் தேர்தல் செலவு வரம்பு. வேட்பாளர் வரம்பின் கூட்டுத்தொகையை வைத்து அதை நிர்ணயிக்கலாம். கட்சி நன்கொடை முழுவதும் வங்கி வழியாக மட்டும். தேர்தல் காலத்தில் பெரிய நன்கொடைகளை ஆண்டு முடியும்வரை காத்திராமல் சில நாளுக்குள் வெளியிடுவது. கட்சியே அமர்த்தும் தணிக்கையாளருக்குப் பதில் தலைமைத் தணிக்கையாளரின் பட்டியலிலிருந்து தணிக்கையாளர். இவை நடைமுறைக்கு வந்த பிறகு 78பி-யின் கீழ் எல்லா வேட்பாளருக்கும் பொதுவான பொருள் உதவி: ஆணையமே அச்சிட்டு வீட்டுக்கு வீடு அனுப்பும் வேட்பாளர் அறிமுகப் புத்தகம், பொதுக்கூட்டத்துக்குக் குலுக்கல் முறையில் இலவச மைதானம். இதில் சுயேச்சைகளுக்கும் இடம் வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும் என்று அந்தப் பிரிவில் இருப்பதைத் திருத்தக் கேளுங்கள். பண உதவி கடைசியில் வரட்டும். சொந்த வருமானத்தை மிஞ்சக் கூடாது என்ற நிபந்தனையோடு வரட்டும்.

நாடாளுமன்றத்துக்குப் போகும் வழிகளில் மனுக்கள் குழுவை மக்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. மக்களவைக்கு முகவரியிட்ட மனுவை உங்கள் எம்.பி. மூலமாகவோ செயலகத்துக்கு நேரடியாகவோ அனுப்பலாம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பைச் சேர்த்துக் கையொப்பமிட வேண்டும். மரியாதையான நடை கட்டாயம். இணைப்பு ஆவணங்களை மனுவோடு வைக்கக் கூடாது. பலருடைய மனு இந்த ஒரு காரணத்துக்காகவே நின்றுவிடும். தொகுதிக் கணக்கின் சாரத்தை மனுவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். சட்டம், நீதி தொடர்பான நிலைக்குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்டு விளம்பரம் செய்யும்போது, இதே மூன்று பக்கத்தை அங்கேயும் அனுப்பலாம்.

எம்.பி. ஒருவரைத் தனிநபர் மசோதா கொண்டுவர வைப்பது நல்ல முயற்சி. ஆனால் 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமானதில்லை. விவாதம் அவைக் குறிப்பில் பதிவாகும், அமைச்சர் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த அளவுக்கு மட்டும் எதிர்பாருங்கள். பொதுநல வழக்குக்கும் பொறுமை வேண்டும்: தேர்தல் பத்திர வழக்கு 2017-ல் தொடுக்கப்பட்டு, 2024-ல்தான் தீர்ப்பானது. இடைக்காலத் தடை இல்லாத அந்த ஆண்டுகளில் 2019 மக்களவைத் தேர்தலின் பிரசாரப் பணம் அந்த வழியே போய்ச் சேர்ந்துவிட்டது.

அதிகம் பேசப்படாத ஒரு வாசல் சென்னையிலேயே இருக்கிறது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான சட்டம் டெல்லியின் கையில் என்றாலும், உள்ளாட்சித் தேர்தல் அரசியலமைப்பின் 243கே, 243இசட்ஏ பிரிவுகளின்படி மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் பொது அறிமுகப் புத்தகத்தையும், பொதுச் செலவில் வேட்பாளர் கூட்டங்களையும், இணையத்தில் அன்றாடச் செலவுக் கணக்கையும் மாநில அரசே சட்டத் திருத்தம் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கலாம். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால் கட்சி வரம்புச் சிக்கலும் அங்கே கிடையாது. சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் இதைத் தனி மனுவாகக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலைத் தனியே அனுப்புங்கள். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஒரு தொகுதியில் பல ஊராட்சிகள் ஒரே வாசகத்தில் அனுப்பினால் எம்.எல்.ஏ. அதைத் தட்டிக்கழிப்பது கடினம். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் கூட்டங்கள் தள்ளிப்போகக்கூடும். ஆகவே தேர்தலுக்கு ஓராண்டு முன்னதாகவே தீர்மான வாசகத்தைத் தயார் செய்து, கூட்டத்துக்குச் சில நாள் முன்பு ஊராட்சித் தலைவரிடம் எழுத்து மூலம் கொடுத்துப் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.